பதினொரு மணிக்கு நகரும் அம்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அம்பு ஓடியது. மௌஸை நகர்த்தினால் திரையில் நகருமே, அந்தச் சின்ன அம்புதான். வரைந்துகொண்டிருந்த வீட்டு பிளானில், சமையலறைச் சுவரில் ஒரு கதவு வைக்கப் போனேன். என் கை அசையவே இல்லை. அம்பு மட்டும் சறுக்கிக்கொண்டு போய், கதவைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தது. அழித்தேன், மறுபடி வைத்தேன், மறுபடி சறுக்கியது. ஒரு இருபது நிமிஷம் இந்தக் கூத்து. அப்புறம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சாதுவாகிவிட்டது.

மௌஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெளிச்சம் வரும் துளையில் ஒரு முடி. நரைமுடி, என்னுடையதுதான். எடுத்துப் போட்டாயிற்று.

மார்ச் 5, புதன்

முடி காரணமில்லை.

மார்ச் 7, வெள்ளி

மேஜைக் கண்ணாடி பளபளப்பதால் இருக்கும் என்று ஒரு பழைய அட்டையைப் போட்டு அதன்மேல் வைத்தேன். வெயில் படுகிறதோ என்று திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அம்பின் வேகத்தைக் குறைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடி போட்டேன். சாயங்காலம் கடைக்குப் போய்ப் புது மௌஸே வாங்கி வந்துவிட்டேன். இதுவும் ஒயர் வைத்ததுதான். ஒயர் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை.

கடையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும், “கிடைச்சுது” என்று சொல்லியிருக்கிறேன். யாரிடம்? அக்கா போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்ஜினியர் போன் செய்தார். மாடிப்படியில் ஒரு படி குறைகிறதாம். நல்ல வேளை, கட்டிடத்தில் மேஸ்திரி கவனித்துவிட்டார். இல்லையென்றால் கான்கிரீட் போட்டிருப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு பிளான் வரைகிறேன். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்: “தப்பா எடுத்துக்காதீங்க. கை ஏதும் நடுங்குதா?”

இல்லை சார், மௌஸ்தான் சரியில்லை என்றேன். சொல்லும்போதே பொய் மாதிரி இருந்தது. போன வாரம்தானே புதுசு வாங்கினதாகச் சொன்னீங்க என்றார்.

ஆமாம். சொன்னேன்.

போனை வைத்ததும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்துக் கையை நீட்டி நின்றேன். சமையலறை நடுவில், ஐம்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவள் மாதிரி. தளும்பவில்லை. இடது கையிலும் பார்த்தேன். தளும்பவில்லை. ஆனால் என்னால் என்னையே முழுசாக நம்ப முடியவில்லை. பார்த்துச் சொல்ல வேறு ஆளும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

ரிப்பேர்காரர் இரண்டு மணிக்கு வந்தார். அவர் வந்த நேரம் அம்பு அப்படி ஒரு ஒழுக்கம். எங்கே வைத்தால் அங்கே நின்றது. அரைமணி நேரம் என்னென்னவோ அழித்தார், என்னென்னவோ ஏற்றினார். வைரஸ் இல்லை என்றார். மேஜைக்கடியில் போய்ப் பின்பக்கம் பார்க்க அவருக்கு இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஒயர் எல்லாம் டைட்டாத்தானே இருக்கு என்று என்னையே கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

போகும்போது, “இந்த சிஸ்டத்தை வேற யாராவது யூஸ் பண்றாங்களா?” என்றார்.

“இல்லைங்க. நான் மட்டும்தான்.”

இதை வாய்விட்டு முதல் தடவை சொல்கிறேன் என்று அவர் போன பிறகுதான் உறைத்தது. அவர் பார்வை அக்காவின் கட்டிலில் ஒரு நொடி நின்றதையும் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்று இருபதுக்கு நின்றது. மறுபடி நாலு மணிக்கு. நாலு இருபதுக்கு நின்றது. பழுதுக்கு மணி பார்க்கத் தெரியுமா?

மார்ச் 17, திங்கள்

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் சொருகியிருந்த மௌஸ் ஒயரையே பிடுங்கிவிட்டேன். பிடுங்கி, கட்டிலின்மேல் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அம்பு நகர்ந்தது.

மெதுவாக, இடமிருந்து வலமாக. நின்றது. யோசிக்கிறது மாதிரி ஒரு இடைவெளி. அப்புறம் வலமிருந்து இடமாக.

அக்காவா? — எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். இந்த நோட்டில்கூட உண்மையை எழுதாவிட்டால் எங்கே எழுதுவது? அக்கா இந்த மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் வேலை முடிந்ததும் இதே திரையில் சீட்டு விளையாடுவாள். தோற்றால் ராஜாவைத் திட்டுவாள்.

பயம் ஐந்து நிமிஷம்தான். அப்புறம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்று இருபதுக்கு அது நின்றபோது, இன்னும் கொஞ்சம் நகரேன் என்று இருந்தது. எனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது?

மார்ச் 18, செவ்வாய்

தெரிந்துவிட்டது. நிதானமாக எழுத வேண்டும்.

இன்று ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அம்பு போகிற வழியெல்லாம் கோடு விழும்படி பென்சிலாக மாற்றி வைத்தேன். என்னதான் செய்கிறது, வரையட்டும் பார்ப்போம் என்று. பதினொன்றுக்குக் கோடு விழுந்தது. நேர்கோடு இல்லை. இடமிருந்து எழும்பி, வளைந்து, பாதியில் அறுந்துபோகிற வில். அதன்மேல் இன்னொன்று. இன்னொன்று. வாழ்நாள் முழுக்கக் கோடு போட்டவள் நான். கண்டபடி ஓடுகிற கோட்டுக்கும் ஒரு கை சிரமப்பட்டுப் போடுகிற கோட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இது கை.

வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் என்ன தோன்றியதோ, மின்விசிறியை நிறுத்தினேன். அந்தக் கடகட சத்தம் நின்றதும் மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து ஒரு பெண் குரல்.

“ஏழு... விடாதீங்க... எட்டு.”

எட்டு என்றதும் திரையில் எட்டாவது வில்.

பக்கத்து வீடு. ரிட்டயர் ஆன பஸ் டிரைவரும் அவர் மனைவியும். பதினொரு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். படியில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான்.

டார்ச் எடுத்துக்கொண்டு மேஜைக்கடியில் தவழ்ந்து போனேன். கம்ப்யூட்டரின் பின்பக்கம், தூசிக்குள், நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு சொருகியிருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்தபடி விளையாடுவதற்கென்று வாங்கிய ஒயர் இல்லாத மௌஸ் இருந்ததே, அதனுடைய துண்டு. அந்த மௌஸ் சொல்வதை வாங்கித் திரைக்குக் கொடுப்பது இதுதான். போன மாதம்தான் அக்காவின் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். மௌஸும் அதில் போயிற்று. துண்டை மறந்துவிட்டேன்.

தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அக்கா இல்லை. அது அக்கா இல்லை. எனக்குத் தெரியும்தான், முதலிலிருந்தே தெரியும்தான், ஆனாலும்...

மார்ச் 19, புதன்

துண்டைப் பிடுங்கிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். பிடுங்கவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

ஜனவரியில் அவருக்குப் பக்கவாதமாம். வலது கை, வலது கால், கொஞ்சம் பேச்சு. ஜனவரியில் ஒரு நாள் கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. சத்தம் பொறுக்காமல் ஜன்னலைச் சாத்தினேன். அது இவருக்கென்று கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

பயிற்சி சொல்லித்தருகிறவர், ஏதாவது ஒன்றைப் பிடித்து மேஜையில் நகர்த்தப் பழக்குங்கள் என்றாராம். அந்த அம்மா டம்ளர் கொடுத்துப் பார்த்தார், பந்து கொடுத்துப் பார்த்தார், எல்லாவற்றையும் டிரைவர் தள்ளிவிட்டாராம். இந்த மௌஸின் அடியில் எரியும் சிவப்பு வெளிச்சம் மட்டும் அவருக்குப் பிடித்திருக்கிறது. காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம். சுவரோரம் மேஜை. என் மேஜைக்கு நேர் முதுகுப்புறம்.

“கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன். உங்க அக்கா பொருள்னு தெரியும். உங்ககிட்ட வந்து பேச எனக்கு முகமில்ல” என்றார் அந்த அம்மா.

எனக்கும்தான் முகமில்லை. டீ கொடுத்தார், குடித்தேன். டிரைவர் நாற்காலியில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மௌஸின்மேல் இருந்தது; வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி.

அம்பு விஷயத்தை இன்றைக்குச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

மார்ச் 20, வியாழன்

இன்ஜினியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சிரித்தார். எனக்குத் தருவதாக இருந்த ஆஸ்பத்திரி பிளானை ஏற்கனவே வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டாராம். சின்ன வீடுகள் தொடர்ந்து அனுப்புவாராம்.

சரி.

மார்ச் 28, வெள்ளி

பதினொன்றுக்கும் நாலுக்கும் வேலையை நிறுத்திவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைக்கிறேன். தேதி போட்டுச் சேமிக்கிறேன். இன்றைய வில் போன வாரத்து வில்லைவிட ஒரு விரற்கடை நீளம். அளந்து பார்த்தேன், அளப்பதுதானே என் தொழில். இதை நான் மட்டும் பார்ப்பது நியாயமில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று அவர்களை இங்கே அழைத்து வந்தேன். அவர்கள் வாசலிலிருந்து என் வாசலுக்கு ஆறு எட்டு வைக்கிற தூரம்தான். அதற்குக் கால்மணி நேரம் ஆனது. ஒரு பக்கம் அந்த அம்மா, ஒரு பக்கம் நான். எவ்வளவு கனமான மனிதர்.

திரைக்கு முன்னால் உட்காரவைத்து, அந்த மௌஸைக் கையில் வைத்தோம். நகர்த்தினார். திரையில் கோடு நகர்ந்தது. கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கையை நிறுத்தினார், கோடு நின்றது. மறுபடி நகர்த்தினார்.

“நா... நானா ஓட்டுறேன்?”

“நீங்கதான் ஓட்டுறீங்க” என்றேன்.

தேதிவாரியாகச் சேமித்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். அந்த அம்மா முதல் நான்கைப் பார்த்தார். ஐந்தாவது வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று மாதமாக எண்ணிக்கொண்டே இருந்தவர் அவர். எண்ணியது எங்காவது போய்ச் சேர்கிறதா என்று அவருக்கு இதுவரை யாரும் காட்டவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தினமும் நாலு மணிக்கு வருகிறார்கள். இன்று டிரைவர் நான் வரைந்து வைத்திருந்த வீட்டுக்குள் அம்பை ஓட்டிக்கொண்டு போனார். வாசல், கூடம், படுக்கையறை. சுவரில் இடித்தார். “ரிவர்ஸ் எடுங்க” என்றார் அந்த அம்மா. மூன்று பேரும் சிரித்தோம். இந்த அறையில் மூன்று பேர் கடைசியாக எப்போது சிரித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

டிரைவரின் மகன் வந்திருந்தார். இரண்டு பேரையும் தன்னோடு அழைத்துப்போகிறார். அங்கே பெரிய ஆஸ்பத்திரி பக்கம், மாடிப்படி இல்லாத வீடு. சரியான முடிவு. நானே சொன்னேன், சரியான முடிவுதான் என்று.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களும் ஒருநாள் வாங்க” என்றார். வருகிறேன் என்றேன். இரண்டு பேருக்கும் தெரியும்.

மே 2, வெள்ளி

மேஜைக்கடியில் தவழ்ந்து அந்தத் துண்டைப் பிடுங்கினேன். தூசி துடைத்து, ஒரு சின்ன உறையில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகினால் போதும், அங்கேயும் அவர் கோட்டை அவரே பார்க்கலாம்.

லாரி மூன்று மணிக்குக் கிளம்பியது. நம் பஸ் டிரைவர் முன்சீட்டில். வலது கையை ஜன்னல் விளிம்புவரை தூக்கினார். அதற்குமேல் வரவில்லை. ஆனால் தூக்கினார்.

மே 9, வெள்ளி

இன்ஜினியர் இரண்டு மாடி வீடு ஒன்று அனுப்பியிருந்தார். காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். படிகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அம்பு வைத்த இடத்தில் நின்றது. ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

நாலு மணிக்கு மட்டும் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.