முதல் இருபது தோட்டாக்கள்

மாண்டனா, அக்டோபர் 24

அன்பு மகனுக்கு,

மலைமேல் உன் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. கோவேறு கழுதைகளில் உங்கள் வேட்டை முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் ஓரின் என்பவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டிலேயே தோட்டாவில் மருந்து நிரப்ப நீ வாங்கித் தந்த கருவியில், தாத்தாவின் பழைய துப்பாக்கிக்காக நான் முதன்முதலாக நிரப்பிய இருபது தோட்டாக்களை உனக்கே கொடுத்தேன் அல்லவா? பாதி நிரப்பியிருந்தபோதுதான் நீ போனில் கூப்பிட்டாய். “பொண்ணு பொறந்திருக்காப்பா. உங்க மூக்குதான், பாவம்.” சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மிச்சத்தை முடித்தேன்.

இன்று வெடிமருந்து டப்பாவை நிறுத்தேன். இருபத்தொரு தோட்டாவுக்கான மருந்து குறைந்திருக்கிறது. ஏதோ ஒன்றில் இருமுறை போட்டிருக்கிறேன். அந்தப் பழைய குழல் தாங்காது.

அந்தத் தோட்டாப் பெட்டியைத் தொடாதே. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓரின் நாளைதான் கிளம்புகிறானாம். வேட்டை இன்று காலையே தொடங்கிவிட்டது.

உன் அப்பா