பள்ளிக்கூடத்துச் சக்களத்தி

மாமா, என் வீட்டுக்காரரே, போன இடத்தில் சுகமா இருக்கீங்களா?

நீங்கள் முப்பது வருஷம் வாட்ச்மேனாக இருந்த மலைமேல் பள்ளிக்கூடம் இப்போது அபார்ட்மென்ட் ஆகிவிட்டது. பிள்ளைகள் குறைந்து மூடினார்கள், நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள், அப்புறம் விற்றுவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல் சுவரை அப்படியே விட்டு, உள்ளே வீடு வீடாகத் தடுத்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு நடந்த இடத்தில் யாரோ குளிக்கிறார்கள்.

அவள் இடிந்து விழுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். சொல்லக் கூடாதுதான், உங்களிடம் எனக்கென்ன மறைப்பு? அவளோ இந்த வயதில் புதுக் கண்ணாடி ஜன்னல் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

கட்டிடத்தைப் போய் 'அவள்' என்கிறேனே என்று சிரிக்காதீர்கள். கல்யாணமான மூன்றாம் நாள், மலைக்குக் கீழே குப்பனூரில் எங்கள் அம்மா வீட்டில் விருந்து. இலையில் சோறு விழவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

"மலையில நொம்பப் பெய்யுமுங்க மாமா. பள்ளிக்கூடத்துக் கால்வாய் அடைச்சுக்கும்" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவி பஸ் ஏறிப் போனீர்கள். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் இரண்டாம் தாரம் என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

போன வாரம் பேய் மழை. அபார்ட்மென்டின் கீழ்த்தள வீடுகளில் சுவர் ஊறித் தரையெல்லாம் தண்ணீர். அங்கே வேலை பார்க்கும் இன்ஜினியர் நம் ஊர் வாழவந்திக்கே வீடு தேடி வந்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, மேட்டுத் தண்ணி முன்னயெல்லாம் எப்படிங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியுமுங்க" என்றேன்.

தெரியாமலா? கார் நிறுத்துவதற்காக, மேட்டுப்பக்கத்துக் கல் கால்வாயை உதவாத பள்ளம் என்று நினைத்து சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். சோறு போடும்போதெல்லாம் அந்தக் கால்வாய் பேச்சைத்தானே பேசினீர்கள்! நான் வாயைத் திறக்காவிட்டால் இன்னும் நாலு மழையில் அவள் கதை முடிந்துவிடும்.

போகும்போது அவர் சொன்னார்: "பழைய வாட்ச்மேன் ஒண்ணுமே பாக்கலையாட்ட இருக்குதுங்க."

உங்களை நான் திட்டலாம். அவர் யார்? "நட சாமி, கடப்பாரையை எடு" என்று கூடவே போய் இடத்தைக் காட்டினேன். சிமெண்டை உடைத்ததும் தண்ணீர் தன் வழியில் ஓடியது. "அய்யா கெட்டிக்காரருங்க" என்றார். என்னால்தான் அவள் பிழைத்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. கால்வாய்க்கு மேலே, காம்பவுண்டுக்கு வெளியே, காபிச் செடிகளுக்குள் சேறு தங்கும் குழி ஒன்று உண்டே. அது நிறைந்தால் கால்வாய் மறுபடி அடைத்துக்கொள்ளும். அவள் சங்கதியில் நீங்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியது அந்த ஓர் இடம்தான். அதை ஏன் கொடுக்க வேண்டும்?

நேற்றுக் காலை மண்வெட்டியோடு தனியாகப் போய் அள்ளிப் போட்டேன். இனி ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் நானே போவேன், மாமா. அவளுக்காக இல்லை. உங்கள் கை பட்ட வேலையை இன்னொருவரிடம் விட எனக்கு மனசு வராது.

உங்கள் கையால் தாலி வாங்கிய ஒரே ஒருத்தி,
பாவாயி