மாஸ்டர் அடக்கத்தன்று பிசிறிய சுரம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் இருமலும் அத்தையின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன?

பேண்டு மாஸ்டர் அடக்கத்தில் உங்கள் டிரம்பெட் முதல் வரியிலேயே பிசிறிவிட்டது, இனி அதைத் தொடமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. "குளிர்ந்த மவுத்பீஸ் பேசாதும்மா, கைக்குள்ள வச்சு சூடாக்கிக் குடு" என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அடக்கத்தன்று அந்தக் குளிரில் உங்கள் ஊதுமுனையை யார் சூடாக்கிக் கொடுத்திருப்பார்கள்?

நேற்று இங்கே நாங்கள் ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், சீக்கிரமே திறந்துவிட்டார்கள். நான் இந்த ஊரில் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியம்மாதான் நடுங்கினார். ஜெபித்துவிட்டு, மாஸ்டர் உங்களுக்குச் சொல்வதுபோல, "வயித்துல மூச்சை நிரப்புங்க, மெதுவா விடுங்க" என்றேன்.

"நீ என்ன டாக்டரா?"

"பேண்டுக்காரர் பொண்டாட்டி."

"பிசிறினதுக்கு அழாதடா, அடுத்த சுரத்தை ஊது" என்று மாஸ்டர் உங்களை எத்தனை முறை திட்டியிருக்கிறார். மறந்துவிட்டீர்களா?

தலைவலித் தைலம் இரண்டு அனுப்புங்கள். போன் கார்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவேன். பேச வேண்டாம். ஒரே ஒரு நீண்ட சுரம் ஊதுங்கள், கேட்கிறேன். பிசிறினாலும் பரவாயில்லை.

பெரியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் மனைவி