அக்காவின் பச்சைக் காரை ஏலம் விட்ட விவரம்

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி சிவப்பிரகாசம், வயது ஐம்பது, பத்திரப் பதிவுத் துறை ஊழியன், எழுதிக்கொள்வது. உன் பச்சைக் காரை ஏலத்தில் விற்றுத் தரும் பொறுப்பை என்னிடம் விட்டுப் போனாய். விற்றாகிவிட்டது. எப்படி விற்றேன் என்று உனக்குத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். உன் முதலாண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதும்படி உன் மகள் வசந்தா கேட்டாள். ஊரார் முன்னிலையில் உன்னிடம் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

மலரைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

மாமா காலமான பிறகு உத்திரமேரூர் அரிசி மில்லை நீயே நடத்தினாய். மில்லின் ஆயில் எஞ்சினுக்கு உதிரிபாகம் தேடி, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பாழடைந்த பங்களாவில் நடந்த ஏலத்துக்குப் போனாய். அங்கிருந்த பழைய எஞ்சினை எடுப்பவர், கொட்டகையில் கிடந்த காரையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, தலைக்கு மேல் கூரை கிடையாது. கம்பிச் சக்கரங்கள் துருவேறி, உள்ளிருந்த மரச்சட்டத்தைக் கரையான் தின்று, ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நெல் லாரியில் அது மில்லுக்குள் வந்து இறங்கியபோது, நெல் அரைக்க வந்திருந்த மானாம்பதி முனுசாமி கேட்டது நினைவிருக்கிறதா?

“இன்னா மில்லம்மா, கோயிக்கூண்டு வாங்கிக்கினு வந்துகீற? முட்ட எங்களுக்கும் உண்டா?”

“இது ஓடச்சொல்லோ நீதான் மொதல்ல ஏறுவ. பாத்துக்கினே இரு” என்றாய்.

அதை நீ சிரித்துக்கொண்டு சொன்னாயா, முறைத்துக்கொண்டு சொன்னாயா என்பதில் முனுசாமிக்கும் எனக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

அந்தக் காரின் நட்டு மரையும் நம் மில் எஞ்சினின் நட்டு மரையும் ஒரே பழைய ஆங்கில அளவு என்று முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாய். கடைத்தெருவில் வாங்கிய எந்த ஸ்பானருக்கும் பிடி கொடுக்காத நட்டுகள், மில் சுவரில் தொங்கிய ஸ்பானர்களுக்கு இளகின. அன்றே இது உன் வண்டி என்று முடிவாகிவிட்டது என நினைக்கிறேன். வேங்கை மரத்தில் சட்டம் செய்து பூட்டிப் பார்த்து, கனம் கூடுகிறது என்று முழுவதையும் கழற்றித் தேக்கில் மறுபடி செய்தாய். இரும்புக்கடை இப்ராஹிம் பாய் உன்னிடம் பட்ட பாட்டை அவரே இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்.

“ஒரு ஸ்க்ரூவுக்கோசரம் எத்தினி தபா மெட்ராசுக்கு அனுப்புவே மில்லம்மா? பேஜாரா கீது. என்னையும் கழட்டி அதுலயே மாட்டிடு.”

“நீ அளவு சரியில்ல பாய்.”

ஆறு ஆண்டுகள் அப்படிப் போயின. முதலில் பிரேக், கடைசியில் பெயிண்ட் என்பது உன் ஒழுங்கு. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்ன நிறம் அடிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். நிற்கத் தெரியாத வண்டிக்கு நிறம் எதற்கு என்று என்னிடம் மட்டும் கேட்டாய். விதிகளோடு பிழைப்பு நடத்தும் எனக்கு, அந்த ஒழுங்குக்காகவே உன்மேல் மதிப்பு வளர்ந்துகொண்டே போனது.

வண்டி ஓடத் தொடங்கியதும் நீயே ஒரு விதி வகுத்தாய். இடப்பக்க இருக்கை காலியாகப் போகக் கூடாது. தென்னேரி ஏரிக்கரையிலோ மானாம்பதிச் சாலையிலோ பஸ்ஸுக்கு நிற்பவர் யாரானாலும் ஏற்றிக்கொள்வாய். சொன்னபடி முதலில் முனுசாமி ஏறினார். பிறகு பூக்காரக் காமாட்சி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு. கூரத்துக் கோயிலுக்குப் போகிற குருக்கள், குடுமியைக் கையால் பிடித்துக்கொண்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏறாதவர் குறைவு.

நான் ஏறவில்லை. வண்டிப் பதிவு உன் பெயருக்கு மாறவில்லை, இன்சூரன்ஸ் இல்லை என்று காரணம் சொன்னேன். “சர்தான், உனுக்கு இன்சூரன்ஸ் எடுத்துட்டு வரேன், அப்பறம் ஏறு” என்று சொல்லிவிட்டுப் புகை விட்டுக்கொண்டு போனாய். ஆவணங்கள் எல்லாம் சரியானபோது நான் மாற்றலாகித் திருநெல்வேலியில் இருந்தேன். மாற்றல் வாங்கித் திரும்பி வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் நீ சொன்னது இது: “வசந்தாவுக்கு ஓட்டத் தெரியாது. நின்னா துருப்புடிச்சுடும். வித்துடு. ஆனா நிறுத்தி வெச்சி அழகு பாக்கறவன் கையில குடுக்காத. ஓட்டறவன் கையில குடு.” ஏலம் என்றால் அதிக விலை கேட்டவருக்குத்தான், விற்பவர் ஆள் பார்த்துக் கொடுக்க முடியாது என்று அந்த நிலையிலும் உனக்கு விளக்கினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அது சம்மதமா, சலிப்பா?

ஏலத்தை மில் முற்றத்திலேயே வைத்தேன். சென்னையிலிருந்து ஏலக்காரர் வந்தார். நிபந்தனைகளை நானே எழுதினேன். ஏலம் முடிந்ததும் பத்தில் ஒரு பங்கை அந்த இடத்திலேயே கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஏலக் கேள்வி, அதாவது அவர் கேட்ட விலை, செல்லாது, வந்திருப்பவர்களிடையே உடனே மறு ஏலம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் குறைந்தது எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று எழுத மட்டும் விட்டுப்போயிற்று.

வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் இருவர். ஒருவர் சென்னை ஹோட்டல் முதலாளி. வாசலில் மேடை கட்டி, விளக்குப் போட்டு நிறுத்தப்போவதாகச் சொன்னார். எடை எவ்வளவு, மேடை தாங்குமா என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. மற்றவர் வாலாஜாபாத் டாக்டர். ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகெல்லாம் உமியோடு எழுந்து, “பிரேக்கை யார் செய்தது?” என்று கேட்டார். “எங்க அக்காதான்” என்றேன்.

ஆனால் டாக்டரிடம் முதலாளி அளவுக்குப் பணமில்லை. ஒரு கட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டார். ஏலக்காரர் “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்றார். உனக்குக் கொடுத்த வாக்கு என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. அதிக விலை கேட்டவருக்கே என்று நான் எழுதிய விதிதான் அதைக் கொண்டுபோனது.

“மில்லம்மா பேர்ல, மேல ஒரு ரூபா!”

முனுசாமியின் குரல். ஏலக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு ரூபாய் செல்லாது என்று நான் எங்கும் எழுதவில்லை. தலையசைத்தேன். முதலாளி உயர்த்தினார். “அதுக்கும் மேல ஒரு ரூபா!” என்றாள் காமாட்சி. பிறகு இப்ராஹிம் பாய். பிறகு நான் பெயர் அறியாத யார் யாரோ. ஆடித் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய புடவையை ஏலம் விடும்போது இப்படித்தானே கூவுவார்கள்? அந்த முகங்களில் அதே களை. முதலாளிக்கு முகம் சிவந்தது.

“இந்த ஜனங்களுக்கு எதுக்குய்யா கார்? பைத்தியக்கார ஊர்!” என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மூன்றாம் தரம் முனுசாமி பேரில் விழுந்தது. முன்பணம் கேட்டபோது அவர் சாவதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அதுக்கின்னா, அடுத்த ஆடிக்குக் கட்டிட்றேன்.”

கோயில் ஏலத்தில் அதுதானே வழக்கம்? நான் அருகில் போய் விளக்கினேன். இது அம்மன் புடவை இல்லை, கேட்டவர் பணத்தை இப்போதே கட்டி வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும்.

“எடுத்துக்கினு போவணுமா?” முனுசாமி அதிர்ந்துபோனார். “எம்மாட்டுக்கே கொட்டாயில எடம் இல்லியே சாமி! அம்மா பேரு ஒசரட்டும்னு சொன்னேன், அவ்ளோதான்.”

“போனா போவுது, மாட்ட வெளிய கட்டுயா” என்றாள் காமாட்சி. ஏலக்காரரும் சிரித்துவிட்டார்.

விதிப்படி அந்தக் கேள்வி செல்லாது என்று அறிவித்தேன். மறு ஏலம் நடக்கப்போவதை முதலாளிக்குச் சொல்ல, ஏலக்காரரின் குமாஸ்தாவை மோட்டார் சைக்கிளில் அனுப்பினேன். அதைச் செய்யாதிருந்தால் நீயே என்னை மன்னித்திருக்க மாட்டாய். அவர் வழியில் டீக்கடையில் அகப்பட்டார். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். மறுபடி ஏலம் விட்டோம். டாக்டர் தாம் முன்பு நிறுத்திய விலையையே கேட்டார். காமாட்சி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று தரம்.

விலை குறைந்ததை வசந்தாவிடம் சொன்னேன். “ஓட்டறவர்கிட்ட போச்சா மாமா? அது போதும்” என்றாள். உன் மகள்தான்.

டாக்டர் கைப்பிடியைச் சுழற்றினார். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முனுசாமி ஓடிப்போய் அவரிடம் உன் விதியைச் சொன்னார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து இடப்பக்கக் கதவைத் திறந்தார். முதல் ஏலத்தை எடுத்தவர் இவர் என்று முனுசாமியைக் காட்டினேன். மானாம்பதி வரைக்கும் அவர் கையை ஆட்டிக்கொண்டே போனதாகக் கேள்வி.

டாக்டர் வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்க அதே காரில் வருகிறார். ஒரு நாளும் இருக்கை காலியாக வந்து நான் பார்க்கவில்லை.

அக்கா, இன்று வெள்ளிக்கிழமை. பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் அவர் பெயரில் சரியாக இருக்கின்றன, பார்த்துவிட்டேன். இக்கடிதத்தை மடித்து வசந்தாவிடம் கொடுத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, மானாம்பதிச் சாலை பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கப் போகிறேன். பச்சை வண்டி தெரிந்ததும் கை நீட்டுவேன். நீ செய்த பிரேக் எப்படி நிற்கிறது என்று வந்து சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் இருக்கையில் இன்னும் ஏறாத தம்பி,
சிவப்பிரகாசம்