கடலைக்காட்டுல என் குரல்

சித்திரை 3, புதன்

வெயில். காலையில ஏழு மணிக்கே வாசல்ல வெறுங்கால் வைக்க முடியல. அங்கன்வாடியில எடை போடுற நாள். பதினாலு பிள்ளைக. மிசின்ல ஏற மாட்டேன்னு ரெண்டு அழுகை, ஒரு கடி (என் கையில).

செய்ய வேண்டியது: தண்ணித் தொட்டி கழுவ. கருவேப்பில. மிக்ஸி ஜார் இன்னும் கடமலைக்குண்டு கடையிலதான் கெடக்கு. ஒரு மாசமா அம்மி. தோள்வலி.

பத்தரை மணிக்குப் பிள்ளைக வீடு கட்டி விளையாடுதுக. நாலு வயசு தர்ஷினி இடுப்புல கை வச்சுக்கிட்டு, புருசனா நடிச்சவனப் பாத்துக் கத்துறா: “மிக்ஸி ஜாரக் குடுத்துவிட்டா குழாயத் தூக்கிட்டு வாறீகளே, இதுலயா சட்னி அரைக்க?”

தூக்கிவாரிப் போட்டுச்சு. அது நான் சொன்னது. போன மாசம், என் வீட்டுக்குள்ள, எங்க வீட்டுக்காரகளப் பாத்து. ஜார் பிளேடு மாத்தப் போனவுக, ஜார மறந்துட்டு, காட்டுப்பன்னி விரட்ட ஒரு குழாய் ஸ்பீக்கரோட வந்து நின்னாக. அன்னைக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாக.

யாருடி சொல்லிக்குடுத்தான்னு கேட்டேன். “நீங்கதான டீச்சர், கடலக்காட்டுல தெனமும் கத்துறீக.” அவ வீடு எங்க காட்டுக்கு அடுத்த தோட்டத்துல.

தோள்வலியால ஒரு மாசமா நான் காட்டுப்பக்கமே போகல. சாயங்காலம் போனேன். வேலியோரம் கம்பு. கம்புல குழாய். குழாய்ல நான். ஓடைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேக்குது. அங்கன ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தவுக என்னப் பாத்ததும் துண்ட வாயில வச்சு அமுக்கிக்கிட்டுத் திரும்பிட்டாக.

சித்திரை 4, வியாழன்

புழுக்கம். மேக்க மலை மேல மேகம் நிக்கிது, எறங்கல.

அவுககிட்டயே கேட்டாச்சு. முதல்ல புலி உறுமுறதப் போட்டாகளாம். பன்னி குழாய்க்குக் கீழயே படுத்துக் கெடந்துச்சாம். நாய் குலைக்கிறது, வெடிச்சத்தம், எதுக்கும் அசையல. நான் திட்டுனது ஃபோன்ல எதார்த்தமாப் பதிஞ்சிருந்துச்சாம். எதார்த்தமாவாம்! அத மெமரி கார்டுல ஏத்திப் போட்ட நாள்லருந்து ஒரு பன்னி வேலியத் தாண்டல. “ஒரு செடி போகல புள்ள. சாமி மாதிரிக் காத்துருக்க”ன்னு சொல்றாக. கோயில் ஒண்ணுதான் கட்டல.

ஊரே சிரிச்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. பதினெட்டு வருசமா டீச்சர்னு கூப்பிட்ட ஊரு. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தாய்மார் கூட்டம் போடுவேன்? கார்ட உருவிட்டேன். இனிமே என் குரல் காட்டுலயும் கேக்காது, வீட்டுலயும் கேக்காதுன்னு சொன்னேன். கடைசியாப் பேசுனது அதுதான். இந்த டைரியிலயும் இனி ‘அவுக’ கெடையாது. அந்த ஆளு.

மத்தியானம் பிள்ளைகளத் தூங்கப் போட்டு, ஆயாகிட்ட விட்டுட்டு வீட்டுக்கு வந்து, கார்ட என் ஃபோன்ல போட்டுக் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, குரல் நல்லாத்தான் இருக்கு. நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்குது. அவரு அக்காவ இழுத்த இடம் நல்லா விழுந்திருக்கு. எட்டு நிமிசம், சொன்னதையே திரும்பச் சொல்லல.

ஆனா கடைசியக் காணோம். அன்னைக்குத் திட்டி முடிச்சதும், “சோறு ஆறுது, வாங்க”ன்னு கூப்பிட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. கத்திரிக்காப் புளிக்குழம்பு. அத மட்டும் வெட்டி எறிஞ்சுட்டாரு அந்த ஆளு. கேக்குறவுக என்ன நெனப்பாக? வாய்தான் நீளம், சோறு போட மாட்டான்னுதான? திட்டுனது வேணும், கூப்பிட்டது வேண்டாம். ஊரு சிரிச்சதுக்குக்கூட இவ்வளவு வலிக்கல. கொஞ்ச நேரம் அழுதேன். மூஞ்சியக் கழுவிட்டு அங்கன்வாடிக்குப் போயிட்டேன்.

சித்திரை 5, வெள்ளி

காத்தே இல்ல. வேப்பம்பூ மட்டும் தானா உதிருது.

பேசாம இருக்கது இவ்வளவு வேலையா? காபி ஆறிருச்சுன்னு சொல்ல முடியல. சட்டையத் திருப்பிப் போட்டிருக்காருன்னு சொல்ல முடியல. அப்படியே டீக்கடைக்குப் போயிட்டு வந்தாரு. கேஸ் தீந்துருச்சுன்னு அங்கன்வாடிச் சிலேட்டுல எழுதி முன்னாடி வச்சேன். படிச்சுட்டுக் கீழ ‘சரி’ன்னு எழுதி வச்சாரு. வாய்க்கு என்ன கேடு? நாந்தான பேசல.

நேத்து என் குரல் இல்லாம, தன் குரலையே பதிஞ்சு போட்டிருக்காரு. காலையில ரெண்டு பாத்தி காலி. என்னதான் பதிஞ்சாராம்னா, “ஏய்... போங்கப்பா... போதும், கெளம்புங்க.” பேச்சியக்கா வந்து சொல்லுச்சு (எங்களுக்குத் தெக்குக் காட்டுல தக்காளி போட்டிருக்கு). பன்னிக்கு இம்புட்டு மருவாத குடுத்தா அது ஏன் போகுது? விருந்துக்கு வந்த மாதிரி இருந்து தின்னுட்டுத்தான் போகும்.

கடலை எடுக்க இன்னும் பத்தே நாள். ஒண்ணரை ஏக்கர். களை எடுத்தது பூராம் நானும் பே. அக்காவும். இந்தத் தோள்வலி வந்ததே அதுலதான், அம்மி அதக் கூட்டிருச்சு. கார்டக் குடுத்துரலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. குடுக்கல.

ஒரு விசயம். மத்தியானம் சோத்துக்கு நான் கூப்பிடல. இருந்தும் ஒரு மணிக்கு டான்னு வந்து மணையப் போட்டு உக்காருறாரு. நேத்தும் அப்படித்தான். கையில வாட்சுங்கூடக் கெடையாது. வயிறே மணி அடிக்கும் போல.

மூணு மணிக்குப் பிள்ளைகளுக்கு நிலாப் பாட்டு சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன். தர்ஷினி எந்திரிச்சு நின்னு சொல்றா: “டீச்சர், உங்க வீட்டு மாமா சன்னல்ல ஃபோன நீட்டிக்கிட்டு நிக்காரு.” திரும்பிப் பாத்தேன். கை மட்டும் தெரிஞ்சுச்சு. ஃபோனோட கீழ எறங்கிருச்சு.

சித்திரை 6, சனி

வெயில். நாக்கு ஒட்டுது.

நிலாப் பாட்டக் காட்டுல போட்டிருக்காரு. திட்டுறததான வேண்டாம்னா, பாட்டு போடலாம்ல அப்படின்னு அந்த ஆளுக்கு ஒரு ஞாயம். பன்னி குட்டிகளையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கு. ஏழு பாத்தி. வேலியில ஒரு பக்கம் சரிஞ்சே போச்சாம். நான் பாட்டுச் சொன்னா என் பிள்ளைகதான் ஓடி வரும்னு நெனச்சேன்.

பே. அக்கா திரும்ப வந்துச்சு. பன்னியச் சொல்லவோ ஆறுதல் சொல்லவோ வரல. மெதுவாப் பக்கத்துல உக்காந்து, “ஏத்தா, உன் குரல் கேட்டவரைக்கும் என் தக்காளிக்கும் சேத்துல்ல காவல். எனக்கும் ஒண்ணு பதிஞ்சு குடேன். உங்க வீட்டு ஆளத் திட்ட வேண்டாம், எங்க வீட்டு ஆளத் திட்டு, விவரம் நான் தாறேன்”னுச்சு. சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டேன். ஊரு சிரிச்சதான்னு கேட்டேன். முத ரெண்டு நாள் சிரிச்சாகளாம். அப்புறம் கார்டு எங்க கெடைக்கும்னு கேட்டாகளாம்.

அது போனப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு வரி சத்தமாச் சொல்லிப் பாத்தேன். பல்லி ஓடிருச்சு.

அந்த ஆளு இன்னைக்கும் ஒரு மணிக்கு டான்னு வந்தாரு. பாதிச் சோத்துலயே எந்திரிச்சுட்டாரு. கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. சிலேட்டுல ‘ஏன்’னு எழுதலாமான்னு எடுத்தேன். அழிச்சு வச்சுட்டேன்.

சித்திரை 7, ஞாயிறு

காலையில லேசா மேகம். அங்கன்வாடி லீவு.

சமையலே பண்ணல. பத்து மணிக்குப் பாத்திரத்தக் கவுத்து வச்சேன், பன்னெண்டுக்குக் காட்டுக்கு நடந்தேன். சேதாரத்தப் பாக்கத்தான். வேற எதுக்கும் இல்ல.

பிஞ்சும் முத்துனதுமா மண்ணுக்கு மேல சிதறிக் கெடக்கு. நான் மம்பட்டி போட்டு மண் அணைச்ச எடம். அந்த ஆளு புளியமரத்தடியில எனக்கு முதுகக் காட்டி உக்காந்து, ஒடிஞ்ச வேலிக்கம்புக்குக் கயிறு முறுக்கிக்கிட்டிருந்தாரு. ரெண்டு நாளா சவரம் பண்ணல போல. நல்லா நாலு வார்த்த கேட்டுட்டு, கார்ட மூஞ்சியில எறிஞ்சுட்டு வரணும்னு பின்னாடி போனேன்.

அப்போ மணி பன்னெண்டே முக்கால். கீழ கெடந்த ஃபோன் அடிச்சுச்சு. மணிச்சத்தம் இல்ல. நான்.

“சோறு ஆறுது, வாங்க.”

வெட்டி எறிஞ்சதுன்னு நெனச்சேனே, அந்தத் துண்டு. அலாரமா வச்சிருக்காக. கயித்தக் கீழ போட்டு, ஃபோனப் பாத்து “இந்தா வாறேன்”னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சாக. வேட்டியத் தட்டிக்கிட்டுத் திரும்புனாக. நான் நின்னேன்.

நாலு வார்த்த கேக்கணும்னு வந்தவ. மூணு நாளாச் சேத்து வச்சது எம்புட்டு இருந்துச்சு. “நான் இன்னும் ஒலையே வைக்கல”ன்னுதான் வாயில வந்துச்சு.

ரெண்டு பேரும் வரப்புலயே உக்காந்துட்டோம். பன்னி போட்டுட்டுப் போன கடலையப் பொறுக்கி உரிச்சுத் தின்னோம். ஏன் அத வெட்டுனீகன்னு கேட்டேன். கடலைத் தோல ஊதிவிட்டுட்டுச் சொன்னாக:

“பன்னியப் போயி சாப்பிட வாங்கன்னு கூப்பிட முடியுமா? அது எனக்குச் சொன்னது.”

வீட்டுக்கு வந்து ரசமும் அப்பளமும். மூணு மணி ஆயிருச்சு சாப்பிட.

சித்திரை 8, திங்கள்

விடியக்காலம் நாலு சொட்டு மழை. மண் வாசம்.

பழைய கார்ட நேத்தே குழாய்ல மாட்டியாச்சு. ஒரு செடி போகல. ஆனா அதுல மூச்சு வாங்குது, கேக்கச் சகிக்கல. புதுசாப் பதிவோம்னு நானே சொன்னேன். ரெண்டு பேரும் போட்ட கண்டிசன்: அவுக அக்கா பேர் வராது. பே. அக்காவுக்குத் தனி. இன்னைக்கே கடமலைக்குண்டு போயி ஜாரோட வரணும்.

காபி குடிச்சுட்டு முற்றத்துல நின்னேன். ஃபோன நீட்டிப் பிடிச்சாக. பத்து நிமிசம். சட்டையத் திருப்பிப் போட்டது, சன்னல்ல கை நீட்டுனது, பன்னிக்குக் குடுத்த மருவாத, எல்லாம் வந்துச்சு. அவுக தலைய ஆட்டி ரசிச்சுக்கிட்டே நிக்காக. முடிஞ்சதுன்னு மூச்ச விட்டு, பழக்கத்துல “சோறு”ன்னு வாயத் தொறந்தேன்.

டக்குனு ஃபோன அமுக்கிட்டாக.