உம் நெஞ்சுக்குக் குறுக்கே என் பேர்

இன்று காலை சேரன்மகாதேவியில் டீ குடிக்க நின்ற கடையில் தினக் காலண்டர் ஒன்று தொங்கியது. தேதித் தாளுக்கு மேலே உம்முடைய ஆறு. பனிக்கு நடுவில் ஒற்றைக் கொக்கு காலைத் தூக்கும் அந்தப் படம். கீழே ஒரு ஜவுளிக்கடையின் பேர் இருந்தது, உம் பேர் இல்லை. செத்த பிறகும் என்னை விடமாட்டீரா என்றுதான் முதலில் தோன்றியது.

அந்தப் படத்தை நீர் எடுத்த காலையில் நானும் உம் பக்கத்தில்தான் நின்றேன். ஒரே சேறு, ஒரே வெளிச்சம். என்னுடையது உம்முடையதைவிட விலை கூடிய லென்ஸ். கொக்கு காலைத் தூக்கியபோது நான் குனிந்து மெமரி கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாளே அந்தப் படத்தின் ஒரிஜினல் ஃபைலைத் துளியும் சுருக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் ஏற்றினீர் பாரும், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பேராவது போடும்வே," என்றேன்.

"எதுக்கு? ஆத்துக்குப் பேரு இருக்குல்லா."

"அப்பம் சின்னதாக்கியாவது போடும். முழு ஃபைலையும் எவனாவது குடுப்பானா?"

"சுருக்கிப் போட்டா ஆறும் சுருங்கிரும்லா," என்று சிரித்தீர்.

நாம் இருவரும் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைத்தவர்கள். என் படங்களை நகத்தளவாக்கி, நட்ட நடுவில் என் பேரைப் பெரிதாக எழுதித்தான் வெளியே விடுவேன். யாரும் திருடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. உம் படங்களோ பள்ளிக்கூடச் சுவர், மருந்துக்கடைப் பை என்று ஊர் முழுக்க அலைந்தன. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனி வரவேற்பறையில் சுவரளவுக்கு உம் நெல்வயலைப் பார்த்துவிட்டு, போன வேலையை மறந்து திரும்பி வந்தேன்.

உம்மை நான் எடுத்த நல்ல படம் ஒன்றே ஒன்று. மணிமுத்தாறு அருவிச் சாரலில் நனைந்து, துண்டால் கேமராவைப் பொத்திக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து சிரிக்கிறீர். என் ஆயுளில் நான் எடுத்த நல்ல படமும் அதுதான். உமக்கும் அது தெரிந்தது.

"அந்த ஒரிஜினல அனுப்பும்வே, வீட்டுல கேக்கா," என்றீர்.

வழக்கம்போலச் சுருக்கி, உம் நெஞ்சுக்குக் குறுக்கே என் பேரைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முழுசைப் பிறகு தருகிறேன் என்றேன். மூன்று முறை கேட்டீர். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுக்கிறவர் என்னிடம் கேட்டு நிற்பது எனக்கு ருசியாக இருந்தது. இப்போது மறைத்து என்ன. நான்காவது முறை கேட்கும் முன் மாரடைப்பு வந்து போய்விட்டீர்.

செய்தி கேட்டு ஓடிவந்தேன். உங்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஏறியிருந்தது. எல்லாரையும் படம் எடுத்த உமக்கு வேறு படமே இல்லை. உம் வீட்டம்மா உம் ஃபோனில் கிடந்த, நான் சுருக்கி அனுப்பிய படத்தைக் கொடுத்திருக்கிறார், அச்சடித்தவர் அதை ஆளுயரத்துக்கு இழுத்துவிட்டார். உம் முகம் கட்டம் கட்டமாகக் கலைந்திருந்தது. என் பேரை மட்டும் பஸ்ஸில் போகிறவர்கூட வாசிக்கலாம். அப்படி வாசித்த ஒருவர் என் மனைவிக்கு ஃபோன் போட்டு, "அண்ணாச்சி போயிட்டாகளாமே," என்று துக்கம் விசாரித்தார். கூசிப்போய் நின்றேன். என் வீட்டு ஹார்டு டிஸ்கில் உம் முகம் முழுசாக இருந்தது.

பதினாறாம் நாள் கழிந்ததும், பேர் போடாமல், முழு அளவில், நீர் ஏற்றுகிற அதே இடத்தில் அந்தப் படத்தை ஏற்றினேன். உம் வீட்டம்மாவுக்கும் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது பெரிதாக அச்சடித்து மாலை போட்டிருந்தார். புருவத்தில் நின்ற நீர்த்துளிவரை தெரிந்தது.

அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "அவுகளே எடுத்த மாதிரி இருக்கு, அண்ணாச்சி."

இத்தனை வருஷத்தில் என் படத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அதையும் நீரே வாங்கிக்கொண்டீர். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்னும் எரியுதுவே.