பழுப்பு என்றால் பழுப்பு என்று எழுது

அன்பு மகள் எலிவாசாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவால் இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி கிதியோனும் நன்றாக இருக்கிறோம், கடல் தாண்டி மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதியில் நீ என்னைக் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மரியத்தின் அண்ணன் அடுத்த வாரம் அங்கே திரும்புகிறானாம், அவனிடம் இதையும் ஒரு பாட்டில் தேனையும் கொடுத்துவிடுகிறேன். அப்பாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. சூரியகாந்தி இந்த வருடம் சுமார்தான். மூன்று ஆட்டில் ஒன்று குட்டி போட்டது, அதுவும் கடா.

வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கும்படி நீ சொல்லிக்கொண்டே இருக்கிறாய். நான் வரவில்லை. ஏன் என்று கேட்டுவிட்டுக் கோபப்படு. ஜனவரியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு தாள் வந்தது. பொதுத்தேர்வு எழுதப்போகிற நான்காம் படிவத்துப் பிள்ளைகளில் பாதிப் பேராவது இந்த வருட மாதிரித் தேர்வின் செய்முறைத் தாளில் தேறாவிட்டால் எங்கள் பள்ளியில் அறிவியல் பிரிவை மூடிவிட்டு, படிக்க விரும்புகிறவர்களை நகரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களாம். மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள், அதில் பதினொன்று பெண்கள். பையன்கள் எப்படியாவது போய்விடுவார்கள். பெண்களை யார் விடுதிக்கு அனுப்புகிறார்கள் சொல். ஆலைக்காரர் ரமதானி பள்ளி வாசலுக்கே வந்து, "டீச்சரம்மா, பள்ளிக்கூடம் இங்க இருக்கற வரைக்கும் சௌமு படிக்கட்டும், டவுனுக்கெல்லாம் அனுப்பறதா இல்ல, மாப்பிள்ளை வீட்ல வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சௌமு அவருடைய மூத்த மகள், வகுப்புத் தலைவி. சாப்பாட்டு நேரத்தில் பாதி உகாலிக் களியைப் பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிட்டு எனக்குப் பசியில்லை என்று பொய் சொல்லுகிற குழந்தை.

பிள்ளைகளுக்கு அறிவு இல்லாமல் இல்லை, சொல்தான் இல்லை. ஏழு வருடம் சுவாஹிலியில் படித்துவிட்டு வருகிறார்கள், நாங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கிவிடுகிறோம். எந்த விதை முளைக்கும் எது சொத்தை என்று கையில் எடுத்ததும் சொல்கிற பிள்ளை, கருதுகோள் என்ற சொல்லைத் தாளில் பார்த்தால் போலீஸ்காரனைப் பார்த்த மாதிரி நிற்கிறது. அதனால் பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து குறுக்கெழுத்துப் புதிர் செய்தேன். கருதுகோள், உற்றுநோக்கல், மாறி, ஒப்பீடு, முடிவு என்று செய்முறைக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அதில் ஒளிந்திருக்கும். துப்புகளை நம் விடுகதை மாதிரியே போட்டேன். விடுகதை வருகிறது என்று நான் "கிதெந்தாவிலி" என்பேன், போடுங்கள் என்று வகுப்பே "தேகா" என்று கத்தும். பதில் தெரியாவிட்டால் நீங்கள் சின்ன வயதில் செய்ததுதான், எனக்கு ஒரு ஊரைக் கொடுக்க வேண்டும், நான் அந்த ஊருக்குப் போய் அவர்கள் கோழியைத் தின்று அவர்கள் கட்டிலில் படுத்துவிட்டு வந்ததாக அளந்துவிட்டுப் பதிலைச் சொல்வேன். டோடோமா, டாங்கா, கிகோமா என்று நாட்டையே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் ஊரெல்லாம் தீர்ந்துபோய் ஒரு பையன் "மஸ்கட் எடுத்துக்கங்க டீச்சர், உங்க பொண்ணு அங்கதானே, செலவு மிச்சம்" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஏப்ரல் முடிவதற்குள் எல்லாச் சொல்லும் எல்லோர் வாயிலும் இருந்தது. நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நடந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

மே மாதம் தேர்வு வைக்க அதிகாரி வந்தார். இரண்டு குழாயில் ஏதோ கரைசல், அயோடின் விட்டு என்ன நிறம் என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். மாவுச்சத்து இருந்தால் கருநீலம் என்பது என் புதிரில் ஏழாவது கட்டம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மனிதர் இரண்டு குழாயிலும் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார். அயோடின் விட்டால் பழுப்பாகத்தான் இருக்கும். என் பிள்ளைகள் இருபத்தேழு பேர் கருநீலம் என்று எழுதினார்கள், தேறியது நான்கு பேர். அதிகாரி எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் தாள்களை என் மேசையில் வைத்து, "டீச்சரம்மா, உங்க பிள்ளைங்க விஞ்ஞானிங்க இல்ல, ஜோசியக்காரங்க, பாக்காமலே சொல்றாங்க" என்றார். பிறகு ஆகஸ்டில் இன்னொரு தடவை வருவேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சௌமுவைக் கூப்பிட்டு, உனக்குக் கண் தெரியவில்லையா என்று சத்தம் போட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பாத்தேன் டீச்சர், பழுப்பாத்தான் இருந்துச்சு. நீங்க கருநீலம்னு சொல்லியிருந்தீங்க. உங்க பேச்சுக்கு மாறா எழுதறது மரியாதையா இருக்காதுன்னு நினைச்சேன்" என்றாள். அந்த நிமிடம் என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை, வெட்கமாக இருந்தது. எல்லோரும் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை விட்டுவிட்டு எனக்குப் பிடித்ததை எழுதியிருக்கிறார்கள். விடுகதையின் பதில் அதைப் போடுகிறவர் கையில் இருக்கும், ஊரைக் கொடுத்தால் கிடைத்துவிடும். குழாயில் இருக்கிற பதில் என் கையில் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. முப்பது வருடம் வாத்தியாராக இருந்து என்ன பிரயோஜனம்.

சும்மா விடுவேன் என்றா நினைக்கிறாய். அடுத்த திங்கட்கிழமையே ஊர் வாங்குவதை நிறுத்தினேன். பதில் தெரியாதவர்கள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், பார்த்த பிறகுதான் கட்டத்தை நிரப்பலாம். துப்பையும் அவர்களே எழுத வேண்டும், முதலில் சுவாஹிலியில், பிறகு ஆங்கிலத்தில், தாங்கள் செய்த ஒன்றை வைத்து. புதிருக்குள் நானே வேண்டுமென்று ஒரு தப்பையும் போட்டேன். வெளிச்சம் இல்லாவிட்டால் சூரியகாந்தி விதை முளைக்காது என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு தகர டப்பாவில் ஒரே மண், ஒரே தண்ணீர், ஒன்று ஜன்னலில், ஒன்று மூடிய பெட்டியில் வைக்கச் சொன்னேன். ஆறாம் நாள் பெட்டிக்குள் வெளுத்துப்போய் நெட்டையாக முளைத்திருந்தது. எல்லோரும் திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று நாள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை எலிவாசா. எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்காம் நாள் சௌமு அந்த டப்பாவைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தாள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சிருங்க டீச்சர், முளைச்சிருச்சு" என்றாள். அடி விழப்போகிறது என்று வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்று கை தட்டினேன், பலகையில் நான் எழுதியதை அவள் கையாலேயே அழிக்கச் சொன்னேன்.

அதன் பிறகு அவர்களை அடக்க முடியவில்லை. தினமும் என்னிடம் ஒரு தப்பாவது கண்டுபிடிக்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. தலைமையாசிரியர் முகும்போ என்னைக் கூப்பிட்டு, "பெரியவங்கள எதிர்த்துப் பேசக் கத்துக்குடுக்கறீங்களா, நாளைக்கு வீட்ல அப்பன எதிர்ப்பாங்க, அப்புறம் அவங்க வந்து எங்கிட்டதானே நிப்பாங்க" என்றார். வந்தால் என் வகுப்புக்கு அனுப்புங்கள் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஓய்வுக்கான படிவத்தைக்கூட மேசையில் எடுத்துவைத்தார், நான் தொடவில்லை.

ஆகஸ்டு பதினேழாம் தேதி தேர்வு நடந்தது. என்னை உள்ளே விடவில்லை. நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று கழுவின குழாய்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். சாயந்தரம் அதிகாரி வெளியே வந்தார், முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தாளை எடுத்து நீட்டினார், சௌமுவின் கையெழுத்து. மாவுக் கரைசல் என்று எழுதி ஒட்டியிருந்த மூன்றாவது குழாய் கருநீலமாகும் என்று எங்கள் ஆசிரியை சொல்லித்தந்த விதிப்படி எதிர்பார்த்தேன், ஆகவில்லை, இரண்டு தடவை செய்து பார்த்தேன், பழுப்புதான், காரணம் எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாள். காரணம் தெரியாது என்று எழுதியதற்கும் மதிப்பெண் உண்டா என்று கேட்டேன். "அதுக்குத்தான் முழு மதிப்பெண்" என்றார். இருபது பேர் தேறிவிட்டார்கள் மகளே. அறிவியல் பிரிவு இங்கேயே இருக்கிறது. சௌமு நவம்பரில் பொதுத்தேர்வு எழுதுகிறாள். ரமதானி இன்னும் முறைத்துக்கொண்டுதான் போகிறார், முறைக்கட்டும். அடுத்த வருடம் மூன்றாம் படிவத்தில் நாற்பது பேர் வருகிறார்கள், நான் அவர்களோடு இருப்பேன். இனி இதைப் பற்றிப் பேசாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். சௌமு சொன்ன பதிலைக் கேட்டதிலிருந்து எனக்கு உன் ஞாபகமாகவே இருக்கிறது. நர்ஸ் படிப்பு உனக்குச் சரியாக வரும் என்று நான் சொன்னேன், நீ சரி அம்மா என்றாய். வெளிநாட்டுக்குப் போ என்றேன், சரி அம்மா என்றாய். வளர்ந்த பிறகு ஒரு தடவைகூட நீ என் முன்னால் நான் சொன்னது தப்பு என்று சொன்னதில்லை, உன்னை நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அங்கே போய் மூன்று வருடம் ஆகிறது, உன் செய்தி ஒவ்வொன்றிலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் வருகிறது. உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா, அல்லது எனக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறாயா? நான் கோபப்பட மாட்டேன், அழ மாட்டேன், அழுதாலும் உனக்குத் தெரியாமல் அழுதுகொள்வேன். நீ பார்ப்பதை எனக்கு எழுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தேனை மற்றவர்களுக்கும் கொடு, ஆனால் முதலில் நீ சாப்பிடு. பதிலை மரியத்தின் அண்ணன் கையில் கொடுத்தனுப்பு, எத்தனை பக்கமானாலும் பரவாயில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
தமாரி